ரிமோட் படகும் முட்டத்து வள்ளமும்

மைசூருக்குக் கடல் கிடையாது. திப்பு காலத்தில் மங்களூர் கையில் இருந்தது. 1799-ல் அவர் விழுந்ததும் கடற்கரைப் பகுதியை வெள்ளைக்காரன் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டான். அதன்பிறகு 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகளை மாற்றி மங்களூரைச் சேர்க்கும் வரைக்கும் மைசூர் ராஜ்ஜியத்துக்கு ஒரு முழம் கடற்கரை கிடையாது. இன்றைக்கும் இங்கிருந்து மேற்கே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாகர்கோவில்காரனான நான் படகைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான் :-) என்ன செய்ய, எங்கள் குடியிருப்புப் பசங்களுக்கு இப்போது ரிமோட் படகுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பேட்டரிப் படகு அலுத்துவிட்டதாம். "பெட்ரோல் எஞ்சின் வச்சு, உப்புத் தண்ணியில, அலைக்குள்ள ஓடுற மாதிரி ஒண்ணு கட்ட முடியுமா அங்கிள்?" என்று கேட்கிறார்கள். நான் படித்தது பி.காம். பார்ப்பது பேங்க் உத்தியோகம். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி என்பதால் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியூயார்க்கில் ஆரம்பித்த கதை நம்ம முட்டம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெஸ்லாவின் பெட்டி

ரேடியோ மூலம் ஓட்டும் படகு இன்று நேற்று வந்த சாமான் இல்லை. 1898-ல் நிகோலா டெஸ்லா நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சின்ன இரும்புப் படகை விட்டு, தூரத்தில் நின்றுகொண்டே திருப்பிக் காட்டினார். அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவில் அதற்குப் பேட்டன்ட் கிடைத்தது. எண் 613,809. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியே அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெஸ்லா படகு பேட்டரியில் ஓடியது. பெட்ரோல் எஞ்சினைப் பூட்டிக் கரையிலிருந்து கடலுக்குள் ஓட்டிக் காட்டியவர்கள் முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள். ஆள் இல்லாத வேகப் படகில் வெடிமருந்தை நிரப்பி, பின்னால் நீளமாக மின்கம்பியை அவிழ்த்துவிட்டபடி ஓட்டினார்கள். 1917 அக்டோபரில் பெல்ஜியம் கடலோரத்தில் எச்.எம்.எஸ். எரிபஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அப்படி ஒரு படகு மோதிச் சேதப்படுத்தியது. பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள் கைக்கு இந்த வித்தை வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான்.

உப்புத் தண்ணீரில் பெட்ரோல் படகு: என்னென்ன வேண்டும்?

இன்றைக்கு இப்படிப் படகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 23 முதல் 30 சி.சி. வரையுள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வைக்கிறார்கள். புல்வெட்டும் மெஷினில் இருக்கிறதே, அதே ஜாதி. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு உறை போட்டால் படகு எஞ்சின். லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மைசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1961 முதல் 1996 வரைக்கும் ஜாவாவும் யெஸ்டியும் செய்து தள்ளிய ஐடியல் ஜாவா ஃபாக்டரி இந்த ஊரில்தான் இருந்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கும் அந்த வாசனையை மறக்காத பெரியவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் உண்டு.

எஞ்சின் கிடைத்துவிடும். சிரமம் வேறு இடத்தில். மூன்று எதிரிகள்.

முதல் எதிரி அலை. சின்னப் படகு கவிழத்தான் செய்யும். கவிழ்ந்தால் நீந்திப் போய் எடுக்க முடியாது. அதனால் படகின் ஒரு பக்க ஓரத்தில் காலியாக ஒரு அறையை விட்டு, அதில் துளை போட்டு வைக்கிறார்கள். படகு தலைகீழானால் அந்த அறைக்குள் தண்ணீர் புகும். ஒரு பக்கம் கனத்து, படகு தானாக உருண்டு நிமிரும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். எஞ்சினும் ரேடியோவும் இருக்கும் இடத்தை மட்டும் தண்ணீர் புகாமல் அடைத்து வைப்பார்கள். மற்ற இடத்தில் ஃபோம் நிரப்பிவிட்டால் படகு முங்காது.

இரண்டாவது எதிரி உப்பு. சுழலும் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ், எல்லாத் திருகாணிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஓட்டி முடித்ததும் குளிரூட்டும் குழாய் முழுக்க நல்ல தண்ணீர் விட்டு அலசல். ஒருநாள் சோம்பல்பட்டால்கூட உப்பு தன் வேலையைக் காட்டிவிடும்.

மூன்றாவது எதிரியை நான் எதிர்பார்க்கவில்லை. சிக்னல் அறுந்து போவது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கே ரேடியோவுக்கு இடைஞ்சல் செய்யும். கைக்கு எட்டாத தூரத்தில் முழு வேகத்தில் ஓடும் படகுக்குக் காது அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்காக ஃபெயில்சேஃப் என்று ஒன்று வைக்கிறார்கள். கரையிலிருந்து சிக்னல் வரவில்லை என்றால் படகு தானாகவே வேகத்தைக் குறைத்து நின்றுவிடும். ஆள் ஏறாத பொம்மைப் படகு. அதற்கே "கரையோடு பேச்சு அறுந்தால் என்ன செய்வது" என்று முதலிலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம்ம கட்டுமரம்

தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடும் படகு என்று படித்ததும் எனக்குக் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது. கட்டுமரத்தில் தண்ணீர் தேங்க இடமே இல்லை. லேசான மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைக் காய வைப்பார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்திலேயே கட்டுமரம் வந்துவிட்டது. அந்தத் தமிழ்ச் சொல்தான் இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் படகுகளுக்குப் பெயராக ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைக்குள் கொண்டுவந்தது மசூலாப் படகு. பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. நம் கடற்கரையில் அலையோடு முட்டிக்கொள்ளாத படகுதான் நிலைத்தது.

இப்படிப்பட்ட இடத்தில் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால்? எஞ்சின் நனையக் கூடாது, வளையக் கூடாது, அதன் புரொப்பெல்லர் சுழல ஆழம் வேண்டும். அலை உடையும் இடத்திலோ ஆழம் கிடையாது. புரொப்பெல்லரைத் தூக்கினால் படகு வேகம் இழந்து அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். கவிழ அது போதும். மாடல் படகு கட்டுகிற பையனுக்கு உள்ள அத்தனை சிக்கலும் நிஜப் படகுக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், இதில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நார்வேக்காரர்களும் முட்டமும்

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. அங்கே இருந்த வள்ளங்களிலேயே எஞ்சினைப் பூட்டலாம் என்பது முதல் யோசனை. அது சரிப்படவில்லை. அந்த வள்ளத்தின் உடலும் அந்தக் கரையின் அலையும் எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே படகையே மாற்றினார்கள். புது விசைப்படகுகள் வந்தன, அவை நிற்கத் துறைமுகம் வேண்டியிருந்தது, பிறகு இறால் ஏற்றுமதி, இழுவை வலை என்று கதை வேறு பக்கம் போய்விட்டது. அலைக்குள் மரம் தள்ளுகிறவன் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றான்.

இழுவைப் படகுகள் கரைக்கு அருகிலேயே வாரிக்கொண்டு போக, 1970-களின் கடைசியில் கன்னியாகுமரி உட்படப் பல கடற்கரைகளில் சண்டை, கலவரம். தமிழ்நாடு 1983-ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, கரையிலிருந்து 3 கடல்மைல் வரை சிறு மீனவர்களுக்கு என்று ஒதுக்கியது. சட்டம் வந்தாலும் மீன் தள்ளிப் போய்விட்டது. இனி பாயையும் துடுப்பையும் நம்பி வண்டி ஓடாது என்ற நிலைமை. கட்டுமரத்துக்கு ஏற்ற மரமும் கிடைப்பது குறைந்து, விலை ஏறிக்கொண்டே போனது.

இந்த இடத்தில்தான் முட்டம் வருகிறது. ('அலைகள் ஓய்வதில்லை' எடுத்த அதே முட்டம்தான்.) கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகு கட்டும் தளம் அங்கே இருந்தது. பியர் ஜில்லே என்ற பெல்ஜிய எஞ்சினியர் அங்கே வருஷக்கணக்கில் தங்கி, மீனவர்களோடு சேர்ந்து அலைக்கு ஏற்ற புதுப் படகு தேடினார். ஷூமாக்கர் 1966-ல் லண்டனில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும், எட்வின் கிஃபோர்டு என்ற ஆங்கிலப் படகு வடிவமைப்பாளரும் உதவிக்கு வந்தார்கள்.

அவர்கள் எடுத்த பொருள் மரைன் பிளைவுட். பலகையை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் துணியும் ரெசினும் ஒட்டி மூடுவது. மசூலாப் படகின் தையலைப் பார்த்த கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இன்றைக்கு மாடல் படகு கட்டுகிற பசங்களில் பலர் மெல்லிய பிளைவுட்டில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஒரே அடியில் வெற்றி வரவில்லை. ஒரு வடிவம் செய்வார்கள், கடலில் இறக்குவார்கள், மீனவர்கள் குறை சொல்வார்கள், மறுபடி செய்வார்கள். 'கோட்டார்காட்' என்று ஊர்ப் பெயரையும் கட்டுமரத்தையும் சேர்த்து ஒரு படகுக்குப் பெயர்கூட வைத்தார்கள். கடைசியில் நிலைத்தது பிளைவுட் வள்ளம். கொஞ்சம் பேர் சேர்ந்தால் மணலில் தூக்கி வைக்கலாம். பின்னால் அவுட்போர்டு மோட்டாரை மாட்டலாம். ஷூமாக்கர் 1973-ல் எழுதிய புத்தகம் 'சிறியதே அழகு'. ஜில்லே 1985-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக்கியபோது வைத்த தலைப்பு 'சிறியது கடினம்'. மனுஷன் அனுபவித்துத்தான் எழுதியிருக்கிறார் :-)

அதே காலத்தில் சென்னையில் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ், இன்னொரு வழியில் முயன்றது. ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் என்ற நார்வே நிபுணர் வடிவமைத்த கடற்கரைப் படகில், டீசல் எஞ்சின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் எல்லாம் ஒரே பெட்டியாக ஒரு அச்சில் சாயும். கரை நெருங்கியதும் புரொப்பெல்லரை அப்படியே மேலே தூக்கிவிடலாம். ஆழமில்லாத இடத்தில் புரொப்பெல்லரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அழகான பதில். இன்று நாகப்பட்டினம், சென்னைப் பக்கம் ஃபைபர் படகில் நீளமான தண்டு வைத்த டீசல் எஞ்சினைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேறு கருவி, அதே கேள்விக்குப் பதில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஏராளமான ஃபைபர் படகுகள் நிவாரணமாக வந்து, பல ஊர்களில் கட்டுமரம் பின்வாங்கியது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம்

பேங்க்காரன் எழுதும்போது கணக்கு இல்லாமல் முடியுமா?

அவுட்போர்டு மோட்டார் வெளிநாட்டுச் சாமான். யமஹா, சுசுகி, எவின்ரூட் என்று வந்தது. பெட்ரோல் விலைக்குக் கட்டுபடியாகாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. உப்பும் மணலும் தின்னும் அந்த எஞ்சினுக்கு ஆயுசு குறைவு. எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மானம் மிக அதிகமான சொத்து. பாய்க்குக் காற்று இலவசம், மோட்டாருக்கு ஒவ்வொரு நாளும் கைக்காசு. மீன் கிடைக்காத நாளிலும் எண்ணெய் எரிந்ததுதான்.

இதற்கு மாதத் தவணை போட்டால் என்ன ஆகும்? கடலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆனி, ஆடியில் ஒரு கணக்கு, ஐப்பசியில் ஒரு கணக்கு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினாலோ, மீனை அவன் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு மீனவர் சங்கங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கிராமச் சங்கங்கள் கரையிலேயே மீனை ஏலம் விட்டன. அன்றைய விற்பனையில் ஒரு பங்கைக் கடனுக்கும், ஒரு சிறு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தன. மீன் இருந்தால் தவணை, இல்லாவிட்டால் இல்லை. இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், 1980 முதல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாக வைத்து, படகு கட்டும் தளங்களையும் மோட்டார் பட்டறைகளையும் நடத்தியது. இருபது வருஷத்துக்கு மேல் கடன் ஃபைல்களோடு குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கடன் வாங்கியவனின் தொழிலுக்கு இவ்வளவு பொருத்தமான திருப்பிச் செலுத்தும் முறையை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

எஞ்சின் வந்தது, ரேடியோ?

இனி அந்த மூன்றாவது எதிரி.

பாய்மரத்தில் போனவன் கரையின் பார்வையை விட்டு அதிகம் விலகவில்லை. வானம் கறுத்தால் திரும்பிவிடலாம். எஞ்சின் அவனைத் தூரத்துக்குக் கொண்டுபோனது. குமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்துத் தூண்டில்காரர்கள் வாரக்கணக்கில் அரபிக்கடலின் நடுவில் தங்குகிறார்கள். படகு பெரிதானது, ஐஸ் அறை வந்தது, ஜி.பி.எஸ். வந்தது. கரை அவர்களைக் கூப்பிட வழி மட்டும் சரியாக வரவில்லை. செல்போன் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். வி.எச்.எஃப். ரேடியோ அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்கப்பால் போனவனுக்குக் கரை ஊமை.

2017 நவம்பர் 29-ல் உருவான தாழ்வு மண்டலம் மறுநாளே ஒக்கிப் புயலாகிக் குமரிக் கடலைத் தாக்கியது. கரையில் எச்சரிக்கை கொடுத்தபோது நூற்றுக்கணக்கான படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. குளச்சல், தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு அந்த டிசம்பரை நான் சொல்ல வேண்டியதில்லை.

1898-ல் தொட்டியில் மிதந்த பொம்மைப் படகுக்குக் கரையின் சொல் கேட்டது. 119 வருஷம் கழித்து, உள்ளே மனிதர்கள் இருந்த படகுகளுக்கு அது கேட்கவில்லை. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. நம் நாட்டில் ரேடியோவை ஆபத்தான பொருளாகவே ரொம்ப காலம் நடத்தினோம். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். 2005-ல்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு வந்தது. பசங்களின் ரிமோட் படகுகள் ஓடுவது அதில்தான். எஞ்சினுக்கு மானியம் கொடுத்தோம், கடன் கொடுத்தோம், மண்ணெண்ணெய் கொடுத்தோம். அவ்வளவு தூரம் போகிறவனோடு பேசுவதற்கு என்ன வழி என்று அதே வேகத்தில் யாரும் கேட்கவில்லை.

ஒக்கிக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை நடுக்கடலுக்கு அனுப்பும். ஆனால் அது ஒருவழிப் பேச்சு. 2024 ஆகஸ்ட் 30-ல் மத்திய அரசு 364 கோடி ரூபாயில், 13 கடலோர மாநில, யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு, இருவழியிலும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. படகுக்குச் சராசரி 36,400 ரூபாய்தான் வருகிறது, வகுத்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை. இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு வருஷம் பிடித்திருக்கிறது.

பசங்களுக்கு நான் சொன்னது இதுதான். படகு கட்டுங்கள். ஆனால் எஞ்சினை வாங்குவதற்கு முன்னால் ரேடியோவையும் ஃபெயில்சேஃபையும் சோதித்துப் பாருங்கள். மிதவை ஃபோமை அடுத்து வையுங்கள். வேகம் கடைசியில். ஆள் நீந்துகிற இடத்தில் ஓட்டவே கூடாது, அந்தப் புரொப்பெல்லர் விரலை எடுத்துவிடும்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை விவேகானந்தர் பாறையோடு திருப்பி அழைத்து வந்துவிடாதீர்கள். முட்டமோ கடியப்பட்டினமோ, விடியற்காலையில் ஒரு கரைக்குக் கூட்டிப் போங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வள்ளத்தை அலைக்குள் தள்ளுவதை, எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுகிறார்கள், எந்த நொடியில் எஞ்சினை இறக்குகிறார்கள் என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் அண்ணாச்சி யாராவது கிடைத்தால், "ரேடியோ வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.